வெளியாள்

அச்சகத்து வேலைநிறுத்தம் நடந்தபோது எங்கள் சிந்தாதிரிப்பேட்டை வீட்டு வாசலில் ஒரு பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டே இருக்கும். கடைகடையாகக் கெஞ்சி அம்மா வாங்கிவந்த நொய் அது. வேலையை விட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் ஊற்றுவாள். முதல் குவளை அவள் தம்பிக்கு. அவனை அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சேர்த்துவிட்டதே அப்பாதான்.

அப்பா அங்கே மூத்த கம்பாசிட்டர். துறைமுகத்தில் பழகிய ஒரு மாலுமியிடமிருந்து சிண்டிகலிசம் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்தார். டிராம், மில், அச்சகம் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுமாம். மறுநாள் முதல் தொழிலாளியே எடுத்து நடத்துவானாம். நடுவில் கட்சியும் வேண்டாம், சட்டசபையும் வேண்டாம். அதை அவர் சோற்றை விடப் பெரிதாக நம்பினார். சங்கத்துக்கு அவர் வகுத்த முதல் விதி, அச்சகத்தில் கை அழுக்காகாதவன் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது என்பது. தலைமை தாங்க வருகிறேன் என்று காரில் வந்து இறங்கிய மயிலாப்பூர் வக்கீலை அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு விழுந்த கைதட்டலில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

முதலாளி அவசரப்படவில்லை. எல்லோருக்கும் வயிறு ஒட்டிய பிறகு சொல்லி அனுப்பினார்: ஒருவனைத் தவிர மற்றவர்கள் வேலைக்கு வரலாம். எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதும் அப்பா போட்ட விதிதான். அவரே எழுந்து நின்று, "நான் போனா உங்களுக்கு வேலை கீது. சம்மதம்னா கை தூக்குங்க" என்று கேட்டார். தூக்கினார்கள். எங்கள் வாசலில் கஞ்சிக்கு நீண்ட அதே கைகள். அம்மாவின் தம்பி கொஞ்சம் தயங்கித்தான் தூக்கினானாம். அதை அப்பா அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

வேலை போனாலும் சங்கம் இருக்கிறதே என்று நினைத்தார் பாவி மனிதர். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அடுத்த ஞாயிறு துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். பேச எழுந்தவரை அம்மாவின் தம்பி மறித்தான்.

"மாமா, நீ இப்ப அங்க வேல செய்யல. வெளியாளு பேசக் கூடாதுன்னு நீதான சொல்லிகினு இருந்த? மொதலாளி காதுக்குப் போச்சுன்னா எங்க வயித்துல மண்ணு."

"கரீட்டுதான் நைனா" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே வந்துவிட்டார்.

அப்புறமும் வாராவாரம் போனார். சந்துப் பக்கத்து ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு வருவார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை, அழைத்துவரப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே யாரோ பேசுவதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி எழுந்து வந்தான். எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

இப்போது அந்தச் சங்கத்துக்கு ஒரு வக்கீல்தான் தலைவர். அப்பா பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அதில்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரமில்லை. அன்று திரும்பி வரும்போது, கூவம் பாலத்தின் மேல் அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "இந்த வெயில்ல ஜன்னலச் சாத்திட்டாங்களே, உள்ள கீறவங்களுக்குப் புழுங்குமே."

அந்தப் பேச்சுக்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.