மயிலையின் முட்டி

கணவன் இறந்த பிறகு அமராவதிபுதூரிலிருந்து காரைக்குடிக்கு விறகு வண்டி ஓட்டியவள் பொன்னுத்தாயி. பெண்பிள்ளை வண்டியோட்டுவதை ஊர் ஒரு வருஷம் வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிவிட்டது. அறுபத்தெட்டாம் வருஷம் அவளுடைய இரண்டு மாடுகளில் மயிலைக்கு முன்னங்கால் முட்டி வீங்கியது. காலையில் எழுந்திருக்கவே அது திணறும். சூடு போடச் சொன்னார்கள். போட்டாள். புண்தான் மிச்சம்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார். "மூட்டு தேஞ்சுபோச்சும்மா. எலும்போட எலும்பு உரசுது. குணமாக்க மருந்து கிடையாது. இனிமே பாரம் இழுக்க விடாதீங்க."

இழுக்காவிட்டால் சோறு ஏது என்று கேட்க நினைத்தாள். மாட்டை மெல்ல ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினாள்.

மாட்டுத் தரகர் மாயக்கண்ணன் அதை விற்க வழி சொன்னார். "சந்தைக்கு நடத்தியே கூட்டியா, தாயி. நடக்க நடக்க நொண்டல் தெரியாது. வாங்குறவனுக்கு மறுநாத்தான் தெரியும்."

அப்படியே ஆயிற்று. தேவகோட்டைச் சந்தைக்குள் மயிலை நேராகவே நடந்தது. மானகிரிக் குருநாதன் தன் ஒற்றை மாட்டுக்குச் சோடி தேடி வந்தவர். இரண்டு தடவை நடக்கவிட்டுப் பார்த்தார்.

"இது அமைஞ்சாத்தான் இந்த வருசம் உழவு. இல்லாட்டி தரிசுதான்," என்றார்.

பொன்னுத்தாயி கயிற்றை விடவில்லை. "வேணாம்ணே. காலையில இது எந்திரிக்காது."

மாயக்கண்ணன் துண்டை உதறிக்கொண்டு நகர்ந்துவிட்டார். குருநாதன் குனிந்து மயிலையின் முட்டியைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இன்னொரு மாடு வச்சிருக்கீகளா?"

"செவலை. நல்ல மாடு," என்றாள். சொன்ன பிறகுதான், வண்டிப் பிழைப்பும் போய்விட்டது என்று உறைத்தது.

செவலை மானகிரிக்குப் போனது. மயிலையை அடிமாட்டுக்குத் தள்ள மனசு வரவில்லை. பொன்னுத்தாயி செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள். தினமும் கிளம்புமுன் முட்டிக்கு உப்பு ஒத்தடம் கொடுத்து, வயிற்றுக்கடியில் தோளை முட்டுக்கொடுத்து மாட்டை எழுப்புவாள். படுக்க மணல் பரப்புவாள். இரண்டு வருஷம் இப்படியே போனது.

"அம்புட்டுப் பாசமா அதுமேல?" என்று பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி கேட்டாள்.

"பாசமென்ன. அது எந்திரிச்சாத்தான் நான் வேலைக்குப் போக முடியும்."

ஒரு தை மாதக் காலையில் எவ்வளவு முட்டுக்கொடுத்தும் மயிலை எழவில்லை. மத்தியானத்துக்குள் அடங்கிவிட்டது. ஆட்கள் வந்து புதைத்துவிட்டுப் போனார்கள். பொன்னுத்தாயிக்கு அழுகை வரவில்லை. கைகால் கழுவிவிட்டு வெறுந்தரையில் படுத்தாள். மறுநாள் சூளைக்காரர் ஆள் அனுப்பி எழுப்பும்வரை தூங்கினாள்.