நீலக் காருக்குக் காத்திருந்தது

முதலில் சார்ஜர் வந்தது. வெள்ளைப் பெட்டி ஒன்றை வீட்டின் முன்சுவரில் பொருத்தி, அதற்கென்று தனியாக ஒரு கம்பி இழுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் போனார்கள். பக்கத்து வீட்டம்மா அதைச் சுடுதண்ணீர்ப் பெட்டி என்று நினைத்துக்கொண்டு, இனிமேல் வாசலில் நின்றுதான் குளிக்கப் போகிறீர்களா என்று என் மனைவியிடம் கேட்டார். அப்போது சிரித்தோம். இரண்டு மாதத்தில் கார் வந்துவிடும் என்று சிரம்பான் ஷோரூமில் விற்பனையாளர் சொல்லியிருந்தார்.

எங்கள் வீடு தம்பின் ஊருக்கு வெளியே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. நான் அந்தத் தோட்டத்தில் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். மனைவிக்கு செனாவாங்கில் தொழிற்சாலை வேலை. முன்பெல்லாம் தொழிற்சாலை பஸ் தோட்டத்து வாசல்வரை வரும். ஏறுகிற ஆள் குறைந்ததும் நிறுத்திவிட்டார்கள். ரயில் இருக்கிறது, ஆனால் அவள் ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கு அது உதவாது. அவளிடம் இருப்பது ஆட்டோ கியர் லைசென்ஸ். எங்கள் பழைய காரோ மாற்றி மாற்றி கியர் போட வேண்டிய வண்டி, அதுவும் என் கைக்கு மட்டுமே அடங்கும். அவளே ஏறி ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் மின்சாரக் காருக்குப் பதிந்தோம். நீல நிறத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். பழைய காரை அப்போதே கொடுத்துவிட்டால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கொடுத்துவிட்டோம்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள்தான். விடியுமுன் அவள் அதில் கிளம்புவாள், நான் தோட்டத்து டிராக்டரில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போவேன். இரண்டு மாதம் முடிந்தது. கப்பல் தாமதம் என்றார் விற்பனையாளர். அடுத்து, கப்பல் வந்துவிட்டது, துறைமுகத்தில் நிற்கிறது என்றார். அதற்கடுத்து, வந்ததெல்லாம் வெள்ளை, நீலம் அடுத்த கப்பலில் என்றார். வெள்ளையே கொடுங்கள் என்றேன். வெள்ளைக்கு வேறு ஆட்கள் முன்னால் இருக்கிறார்களாம். போன் செய்தால் எடுப்பார், மரியாதையாகப் பேசுவார், ஒன்றும் நடக்காது. எடுக்காமலே இருந்திருந்தால்கூட நேரில் போய்ச் சத்தம் போட்டிருக்கலாம்.

தோட்டத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். எங்களை மேய்க்கும் மண்டோர் தினமும் லாரி ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, "என்னா அண்ணே, கார் நீந்தி வருதா?" என்பார். நான் கியரைப் போட்டு லாரியைக் கிளப்பிவிடுவேன்.

நான் லாரி ஓட்டுகிறவன். மழையில் மேலே உட்கார்ந்து பார்த்தால் முன்னால் போகும் மோட்டாரின் பின்விளக்கு தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துவிடும். அதை அவளிடம் சொன்னதில்லை. ஒருநாள் ரெம்பாவ் பக்கத்து வளைவில், எந்த லாரியிலிருந்தோ உதிர்ந்த செம்பனைப் பழங்களின் மேல் அவளுடைய சக்கரம் ஏறிச் சறுக்கிவிட்டது. முழங்காலில் தையல். மறுவாரமே மறுபடி அதே மோட்டாரில் போனாள். போகவில்லை என்றால் வேலை போய்விடும்.

தையல் பிரித்த அன்றுதான் சொன்னாள்: "அடுத்த ஷிப்ட் மாறுறதுக்குள்ள கார் வரணும். இல்லன்னா நான் பேக்டரி ஹாஸ்டல்ல தங்கிக்கிறேன். லீவுக்கு லீவு வர்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஜொகூர், சிங்கப்பூர், கேமரன் மலை என்று சுற்றி, லாரியிலும் கட்டுமான ஆட்களின் கொட்டகையிலும் படுத்தே நாற்பது வயதைத் தாண்டினேன். எங்கே சாப்பாடு நன்றாயில்லையோ அங்கிருந்து கிளம்பிவிடுவேன். அப்புறம்தான் கல்யாணம், இந்த வீடு. இனி எங்கும் போவதில்லை என்று நான் உட்கார்ந்தபோது, அவள் கிளம்புவதாகச் சொல்கிறாள்.

ஷிப்ட் மாற ஒரு வாரம் இருந்தது. அன்று எனக்கு ஓய்வு நாள். ரயில் பிடித்து சிரம்பானுக்கே போனேன். ஷோரூம் வாசலில் ஒரு நீலக் கார் நின்றது, முன்பக்கம் பெரிய சிவப்பு ரிப்பன். ஒரு மலாய் ஆசிரியரும் மனைவியும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அதில் ஏறிக் கிளம்பும்வரை காத்திருந்து விற்பனையாளரைப் பிடித்தேன். சீன இளைஞர். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்ததால் தமிழ் ஓரளவு வரும். அந்த நீலம் எப்போது வந்தது என்று கேட்டேன். போன வாரம் என்றார். வரிசைப்படி யாருடையது என்று கேட்டேன்.

"உங்க கார்தான் அண்ணே," என்றார், சிரித்தபடி. "ஆனா இது ஆடி மாசம்லா. ஆடியிலே கார் எடுத்தா நல்லா இல்லே. எனக்குத் தெரியும்."

போன வருடம் இன்னொரு தமிழ் வாடிக்கையாளரை ஆடி மாதத்தில் கூப்பிட்டு, வந்து காரை எடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர், இதுகூடத் தெரியாமல் எங்களிடம் வியாபாரம் செய்ய வந்தாயா என்று ஏசியிருக்கிறார். அதிலிருந்து ஆடியில் எந்தத் தமிழரையும் கூப்பிடுவதில்லையாம். என்னைத் தள்ளி வைத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு, நன்றிக்குக் காத்து நிற்கிறார்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். எதைச் சொல்லித் திட்டுவது? பொய் சொல்கிறவனைத் திட்டலாம், சோம்பேறியைத் திட்டலாம். எங்கள் வழக்கத்தை எங்களைவிடக் கவனமாகக் காப்பாற்றுகிறவரை என்ன செய்வது? அடுத்தது எப்போது என்று மட்டும் கேட்டேன். அடுத்த கப்பல் என்றார்.

திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு ஆடி என்றால் கோயிலில் கூழ் ஊற்றும் மாதம், அவ்வளவுதான். மனைவி அப்படியில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். புதுத் துடைப்பம் வாங்கக்கூட நாள் பார்ப்பாள். கூப்பிட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாளோ என்று நினைத்தபோது கொஞ்சம் சமாதானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தொழிற்சாலைச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீலமா?" என்றாள்.

"நீலந்தான். கேட்டிருந்தா என்னா சொல்லியிருப்ப?"

"எடுத்துட்டு வான்னு சொல்லியிருப்பேன். டயருக்கு ரெண்டு எலுமிச்சம்பழம் கூட வச்சு நசுக்குனா ஆச்சு."

இருந்த சமாதானமும் போய்விட்டது. அவள் மடித்த சட்டைகளைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.

ஷிப்ட் மாறுவதற்கு முந்தின நாள் மாலை, பையை முன்னால் வைத்து அவளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய் ஹாஸ்டலில் விட்டேன். ஆண்கள் கேட்டைத் தாண்டக் கூடாது என்று காவல்காரர் சொல்லிவிட்டார். அவளே பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆடி முடிந்து ஆவணியும் முடிந்துவிட்டது. விற்பனையாளருக்கு வாரம் ஒருமுறை போன் செய்கிறேன். அமாவாசையோ, ராகு காலமோ, கிரகணமோ, எப்போது வந்தாலும் கூப்பிடு, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவருக்குப் புரியும் தமிழிலும் மலாயிலும் சொல்லியிருக்கிறேன். சரி அண்ணே என்கிறார். கப்பலைத்தான் காணோம்.

போன லீவுக்கு வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருந்தது. ஹாஸ்டலிலிருந்து வேலை இடத்துக்கு நடந்தே போய்விடலாமாம், விடிந்த பிறகு எழுந்தால் போதுமாம், ஒரு அறையில் நான்கு பேர், நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். சாப்பிடும்போது கேட்டேன்:

"கார் வந்தா வந்துருவல்ல?"

"மொத வரட்டும்," என்றாள், மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தபடி.

இத்தனை மாதம் கழித்து அவள் நன்றாகத் தூங்குகிறாள். அதைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. பிடிக்கவும் இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதற்காக மோட்டாரின் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன்.