நாற்பத்தாறு கிலோ

இருபது வருஷமாக பெங்களூரில் அல்சூர் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மல்யுத்தம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னைப் பற்றி நல்லதாகக் கேட்க வேண்டுமானால் வேறு யாரிடமாவது போய்க் கேளுங்கள்.

ஒரு வருஷம் நாற்பத்தொன்பது கிலோ எடைப் பிரிவில் என்னிடம் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி பள்ளி நிர்வாகியின் பேத்தி. இன்னொருத்தி ஜோகுபாளையத்துப் பெண். அப்பா இல்லை, அம்மா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஒரு எடைக்கு ஒருத்தியைத்தான் பள்ளி அனுப்ப முடியும். ஜோகுபாளையத்துக்காரி அந்தப் பேத்தியைத் தினமும் மல்லாத்துவாள். போட்டியில் ஜெயித்தால் அரசு விளையாட்டு விடுதியில் இடம், சாப்பாடு, படிப்பு. அந்த வீட்டுக்கு அதை விட்டால் வேறு கதியில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. நிர்வாகி கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பேத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாளே ஜோகுபாளையத்துப் பெண்ணிடம், நாற்பத்தாறு கிலோவில் உனக்கு ஈடான ஆளே இல்லை, எடையை இறக்கினால் தங்கம் உனக்குத்தான் என்றேன். நம்பினாள். பத்து நாளில் மூன்று கிலோ. முதலில் சோற்றை நிறுத்தினேன், கடைசியில் தண்ணீரையும். ரெயின்கோட் மாட்டி வெயிலில் ஓடவிட்டேன். குழாயடியில் வாய் கொப்பளித்தவளைப் பிடித்திழுத்து, முழுங்கினாயா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். சே, நானெல்லாம் ஒரு மனுஷன்!

போட்டியன்று காலை எடை கொஞ்சம் கூடுதலாக நின்றது. முதலுதவிப் பெட்டியில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து அவள் பின்னலை வெட்டினேன். முள் சரியாக வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

களத்தில் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், எதிரே நின்றவள் சும்மா தள்ளிச் சாய்த்தாள். பேத்தி வெண்கலம் வாங்கினாள். எனக்கு வேலை நிரந்தரமானது.

அடுத்த வாரம் அம்மா லீவு போட்டுவிட்டு மகளோடு பள்ளிக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பதிலெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், இவளுக்கு இது வருமா, வராதா? நீங்களே சொல்லிடுங்க. வராதுன்னா இத்தோட நிறுத்திடுறேன்."

அடுத்த வருஷம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நாற்பத்தொன்பதில் இறங்கினால் அவளை அடிக்க ஆளில்லை. ஆனால் பேத்திக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி இருந்தது.

"வராதும்மா. அவ ஒடம்பு வாகு அப்படி" என்றேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் யாரை மல்லாத்தினார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்காமல் சொன்னதற்குக் கும்பிட்டு, சார் காலில் விழு என்று மகளிடம் சொன்னார்.

விழுந்தாள். நானும் குனிந்து, அந்த மொட்டைக் கூந்தலில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணினேன்.