கைக்குக் கை வாங்காத கத்தி

செட்டிகுளம் மலைக்கோவிலில் மொட்டை போடுவது என் தொழில். மகன் வழிப் பேரனுக்கு முதல் மொட்டையைப் புதுக் கத்தியால் நானே போடுவதாக முருகனிடம் வேண்டியிருந்தேன். ஜப்பானில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஊர் திரும்புவதற்கு முதல் நாள், சவரக்கத்தியும் தீட்டுக்கல்லும் வாங்க அவளோடு ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பெரியவர் கல்லில் தண்ணீர் விட்டுக் கத்தியைத் தீட்டி, தன் முன்கையில் மெல்ல ஓட்டினார். முடி உதிர்ந்தது, தோலில் ஒரு கீறல் இல்லை. பிறகு அவர் குனிந்து, இரண்டு கையாலும் கத்தியை என்னிடம் நீட்டினார்.

சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை வாங்கமாட்டோம். வாங்கினால் சண்டை வரும் என்பார்கள். பெரியவர் முகம் வாடிவிட்டது. கத்தியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

“என்னப்பா பண்ணிட்டீங்க? பிடிக்கலன்னு நெனச்சுட்டாரு!”

“ஐயோ, கீழ வைக்கச் சொல்லும்மா, எடுத்துக்கறேன். அவருகூட எனக்கு எதுக்குச் சண்டை?”

மகள் அவர் மொழியில் விளக்கினாள். பெரியவர் என்னையே பார்த்தார். பிறகு வெள்ளைத் துணி விரித்து, கத்தியை அதன்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று ஏதோ சொன்னார்.

“கத்தி உறவை அறுத்துடும்னு அவங்க ஊர்லயும் பயப்படுவாங்களாம்ப்பா.”

கத்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மலையில் அதே கத்தியால் மொட்டை போட்டபோது, பேரன் தாய்மாமன் மடியிலேயே தூங்கிவிட்டான். அந்தப் பெரியவருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். பேர் கேட்க மறந்துவிட்டேன். முருகனுக்குத் தெரியும்.