கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சேலைப் பின்

கலியாண வீடுகளில் படம் எடுப்பவள் நான். மணப்பெண்ணின் முகத்தை மாலையோ முந்தானையோ மறைத்தால், கமராப் பையிலிருந்து ஒரு சேலைப் பின்னை எடுத்து ஒதுக்கிக் குத்திவிடுவேன். அந்தக் கைப்பழக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

பூவில் தேன் குடிக்கும் ஹம்மிங்பேர்டைப் படம் எடுக்கப் பழகப் போனதும் ஒரு எரிச்சலில்தான். "நில்லுங்கோ, சிரியுங்கோ" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது. சொல்வழி கேட்காத ஒன்றை எடுத்துப் பார்ப்போம் என்று ரொறன்ரோவில் வீட்டுக்குப் பக்கத்து ஓடைக்கரைக் காட்டுக்குள் இறங்கினேன். ஆனி மாதம் முழுக்க வெறும் கொப்புகளைத்தான் எடுத்தேன். கட்டைவிரல் அளவுக் குருவி, சிறகின் இரைச்சல் கேட்டு விரலை அமத்துவதற்குள் போய்விடும். பிறகுதான் புத்தி வந்தது. துரத்தக்கூடாது, அது திரும்பி வரும் பூவுக்குக் கமராவை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்த ஒரு நாள், அது போகும் திசையைப் பார்த்துக் கூட்டைக் கண்டுபிடித்தேன். சரிவில் நின்ற மரம், பாதையோரம் நின்றால் கொப்பு கைக்கெட்டும். பாதி வால்நட் கோது அளவுக் கூட்டுக்குள் இரண்டு குஞ்சுகள். மேலே ஒரு இலைக்கொத்து குடைபோலக் கவிந்திருந்தது.

கூட வந்திருந்த கணவர் கமராவை எட்டிப் பார்த்தார். "உந்த இலையள்தான் மறைக்குது. ஒரு பின் குத்திவிடுமன்."

சொன்னது அவர், குத்தியது நான். இலைகளை இழுத்துப் பக்கத்துக் கொப்பின் இலைகளோடு சேர்த்துக் குத்தினேன். தாய் வந்து குஞ்சின் வாய்க்குள் அலகை விட்டது. நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். அந்தச் சந்தோஷப் புளுகத்தில் பின்னைக் கழற்ற மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் கொளுத்தும் வெயில். பின்னேரம்தான் ஞாபகம் வந்து ஓடிப்போனோம். வெயில் நேரே கூட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் இரண்டும் கழுத்தை வெளியே போட்டபடி செத்துக் கிடந்தன. தாய் வந்து வந்து அலகால் தட்டிப் பார்த்தது.

"குருவிதானே, விடுமப்பா" என்றார் கணவர்.

"வாயை மூடுங்கோ" என்றேன். கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. வீடு வரும்வரை கத்தினேன். அவரைத் திட்டியதில் பாதிக்கு மேல் எனக்குரியது என்று தெரிந்துகொண்டே திட்டினேன்.

படத்தை அவர் முதல்நாளே ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். அஜக்ஸில் இருக்கும் மச்சாள், பெரிதாகப் பிரிண்ட் அடித்துத் தரச்சொல்லிக் கேட்டிருந்தாள். குஞ்சுகள் செத்துப்போனதை எழுதினேன். அழுகிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டு, "எண்டாலும் படம் நல்ல வடிவு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் எறிந்திருப்பேன்.

படத்தின் மூலையில் அந்தப் பின் மினுங்குகிறது. கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்றார் கணவர். நான் விடவில்லை. பெரிதாக அடித்து வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் "எப்பிடி இவ்வளவு கிளியரா எடுத்தனீங்கள்?" என்று கேட்டால், அந்த மூலையைத்தான் காட்டுகிறேன்.