புரட்டாசியில் கிணற்றில் இறக்கிய வெள்ளை ஒயின்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கள்ளக்குறிச்சியில் எட்டு மேசை போட்ட மெஸ் என்னுடையது. சங்கராபுரம் சாலையில் மாடிவைத்த கல்யாண மண்டபம், அதுவும் என்னுடையது. வெள்ளிமலைக்குப் பேருந்து ஒழுங்காகப் போகாத காலத்திலேயே ஜீப் ஓட்டிச் சாமை இறக்கியவன். 'இவன் எங்கே தேறப்போகிறான்' என்று சிரித்த சொந்தக்காரர்கள் பிறகு என் மண்டபத்துப் பந்தியில்தான் உட்கார்ந்தார்கள்.

இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்ளும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள ஆளில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய ஓட்டலில் வெள்ளை ஒயினோடு பரிமாறும் இரண்டு பதார்த்தங்கள் என் அடுப்பில் பிறந்தவை. ஓட்டல்காரர்கள் அச்சடித்த புத்தகத்திலோ, 'எங்கள் சமையல் வல்லுநர்களின் கண்டுபிடிப்பு' என்று இருக்கிறது.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் மரங்களை வெட்டிச் சாய்த்த வருஷம், புரட்டாசி மாதம். மெஸ் திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சேலம் கிளம்பிய அந்த ஓட்டல் முதலாளியின் கார், முன்னும் பின்னும் மரம் விழுந்து என் வாசலில் நின்றுவிட்டது. டிக்கியில் ஒரு பெட்டி ஒயின். நாலு வகை வெள்ளைத் திராட்சையைக் கலந்து செய்ததாம். அதற்கு என்ன சாப்பாடு பொருந்தும் என்று சேலத்தில் ஒரு சமையல்காரரைக் கேட்கப் போனவர் அவர்.

"மீன் வறுவல் இருக்குதா?" என்றார்.

"பெரட்டாசி மொதலாளி. முட்டைகூட அடுப்புல ஏறாது."

"நல்லா வந்து மாட்னேன்யா!"

விரதத்தில் இருந்த நானும் ஒயினை வாயில் வைக்க முடியாது. மூக்குக்கு ஏது விரதம்? முகர்ந்து பார்த்தேன். ரோஜாப்பூ, எலுமிச்சைத் தோல், கனிந்த கொய்யா, எல்லாம் சேர்ந்து அடித்தது. வந்த விருந்தாளிக்குக் குறைவைக்கக் கூடாது என்று எங்கள் வழக்கப்படி காரத்தைத் தூக்கலாகப் போட்டுக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டு ஒயினைக் குடித்தவருக்குக் கண்ணில் தண்ணீர்.

"இன்னாய்யா இது, வாயில நெருப்ப கொளுத்திட்ட! ஒயினு கசக்குது. சூடா வேற கீது."

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "மோந்து பாத்து எல்லாத்தயும் சொல்றாரு. மொளகா எவ்ளோனு மட்டும் தெரியல!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புட்டிகளை வாளியில் வைத்துக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கினேன். மிளகாயையும் புளியையும் தள்ளிவைத்தேன். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கி, எலுமிச்சை பிழிந்து மேலே கொத்தமல்லி தூவினேன். சாமைச் சோற்றில் தேங்காயும் பச்சை வேர்க்கடலையும் கலந்தேன். ஒயினின் வாசனையை அமுக்காத சாப்பாடு எது என்று மூக்கு சொன்னதை மட்டும் கேட்டேன்.

குளிர்ந்த புட்டி மேலே வந்தது. முதலாளி ஒரு வாய் கிழங்கு தின்றார், ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"யோவ்," என்றார், "நீ இன்னா மந்திரவாதியா?"

அந்த நேரம் பார்த்து, மறியலில் இருந்தவர்கள் தண்ணீர் குடிக்க வந்தார்கள். அவர்களில் ஒருவர் காரைப் பார்த்து இரக்கப்பட்டு, "மொதலாளி, ஒங்களுக்கு மட்டும் மரத்த நவுத்தி வுடட்டுங்களா?" என்றார்.

"அவசரமே இல்லப்பா. நான் துன்னுக்கினு கீறேன்!"

மெஸ்ஸே சிரித்தது. மறியல்காரர்களுக்கும் சாமைச் சோறு போட்டோம். சட்டி காலி. மெஸ் திறந்த பிறகு அன்றுதான் முதல்முறையாகச் சட்டி காலியானது.

சாலை திறக்கும்வரை மூன்று நாள் தங்கியவர், நான் சொல்லச் சொல்லச் செய்முறையைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டு போனார். சேலம் போகவேயில்லை. அவர் இப்போது இல்லை. ஓட்டலை அவர் பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

தம்பிகளா, அப்பாவின் நோட்டைத் தேடி எடுத்துப் பாருங்கள். எனக்குப் பணம் வேண்டாம். அடுத்த முறை அச்சடிக்கும்போது அந்த இரண்டு பதார்த்தங்களுக்கும் நேராக என் பெயரையும் என் ஊரையும் போடுங்கள். அடியில் பொடி எழுத்தில் போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.