கீரிப்பாறைக்கு மேலே ஒரு கசப்பு

கீரிப்பாறை மலைக்குப் போகிறவர்கள் மரம் வாங்கப் போவார்கள், இல்லையென்றால் ஆற்றில் குளிக்கப் போவார்கள். நானும் என் அக்காள் மாப்பிள்ளை கோலப்ப அத்தானும் போனது ஒரு பாட்டில் பீர் குடிக்க. வெள்ளைக்காரன் கொடியை இறக்கிய மறு வருடம், சித்திரை மாதம். அந்த வழியாகப் போக நினைப்பவர்களுக்கு உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தை மூன்றாம் பாரத்தோடு நிறுத்திக்கொண்டவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர வாத்தியார்களிடம் சரக்கு இல்லை.

அத்தான் கல்யாண வீட்டுச் சமையல்காரர். பூதப்பாண்டியைச் சுற்றி அவர் கை படாத பந்தி கிடையாது. அவருடைய அவியல் மணத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஆட்கள் வண்டி கட்டி வந்தார்கள் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் மறுத்ததில்லை. அந்த மாசியில் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது நாக்கையும் மூக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. உப்பும் புளியும் அவருக்கு ஒன்றாகிப்போயின. பெருங்காயத்தை மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் பேசாமல் இருந்தார். இது எனக்கும் அக்காளுக்கும் மட்டுமே தெரியும்.

சித்திரைக் கடைசியில் தாழக்குடியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்க ஒப்புக்கொண்டு அவர் வெற்றிலை வாங்கியிருந்தார். ருசி தெரியாமல் அடுப்பில் நின்றால் பேர் கெடும். விலகிக்கொண்டால் கோலப்பனுக்கு நாக்குச் செத்துப்போச்சு என்று ஊர் பேசும். அப்புறம் எவன் கூப்பிடுவான்? வைத்தியர் கொடுத்த கஷாயமெல்லாம் தண்ணீராகவே இறங்கியது.

அப்போதுதான் நான் சொன்னேன், செத்த நாக்கை எழுப்பக்கூடிய கசப்பு உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அது துரைமார் குடிக்கிற இந்தியா பேல் ஏல் என்கிற பீர் என்று. கொழும்பில் நான் இருந்த காலத்தில் துரைமார் என்னைக் கேட்காமல் அந்தப் பாட்டிலைத் திறந்ததில்லை. கீரிப்பாறைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பங்களாவில் பட்லராக இருந்த ஞானமுத்து எனக்குப் பழக்கம். அவருடைய துரை சாமான்களைக் கட்டிக்கொண்டு சீமைக்குப் புறப்படுகிறார், ஒரே ஒரு பாட்டில் மிச்சம் என்று தகவல் வந்திருந்தது. அக்காளிடம் மூலிகை பறிக்கப் போவதாகச் சொன்னோம்.

காலையில் பூதப்பாண்டியில் கரிப்புகையில் ஓடுகிற பஸ் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு நாலு சக்கரக் காசு. தடிக்காரன்கோணம் வரை பஸ், அதற்கு மேல் நடை. ஆறு மைல் என்பார்கள், என் காலுக்கு நாலுதான். வழியில் ஒரு கொம்பன் யானை நின்றது. நான் ஒரு அதட்டுப் போட்டேன், ஒதுங்கிப் போயிற்று. அத்தான் அது பாறை என்று இன்றைக்கும் சொல்லுவார். அட்டைக்கு மட்டும் பயப்பட வேண்டும். புகையிலைத் தண்ணீரைக் காலில் தடவிக்கொண்டு போங்கள்.

பங்களா வராந்தாவில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. துரை தொழிற்சாலைப் பக்கம் போயிருந்தார். ஞானமுத்து இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு, ஓடைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்த பாட்டிலை எடுத்து வந்தார்.

“இது பொம்பளையாளு குடிக்க பீரு இல்ல, பாத்துக்கிடும். கப்பல்ல கெட்டுப்போவாம வாறதுக்கு ஒரு கொடியில பூக்க பூவ வாரிப் போட்டிருக்கான். தலைக்கு ஏறும்.”

“எனக்கா சொல்லுகேரு? கொழும்புல நான் இதுலதான் வாய் கொப்பளிச்சேன்,” என்றேன்.

“அப்பம் இங்க துப்பிராதேயும். இது கடைசிப் பாட்டிலு,” என்றார் ஞானமுத்து.

மூடியை எடுத்ததும் சீறியது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் புதுத்தேன் நிறம், மேலே இரண்டு விரல்கடை நுரை. மூக்கைக் கொண்டுபோனேன். நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் வருகிற மணம். அதற்கு அடியில் அறுத்துப் போட்ட பச்சைப் புல்லும் கொஞ்சம் சாம்பிராணியும். வாயில் விட்டதும் முதலில் வறுத்த கோதுமை போல ஒரு இனிப்பு, ஏமாற்றுவதற்காக. அது போன இடத்தில் கசப்பு வந்து உட்கார்ந்தது. வேப்பம்பூக் கசப்பு அல்ல, பாகற்காயும் அல்ல. நாக்கின் அடிவாரத்தில் ஏறி, காதுக்குப் பின்னால் வரைக்கும் போகிற கசப்பு. விழுங்கின பிறகும் போகவில்லை. விழுங்கினவனை இன்னொரு வாய் கேட்கச் சொல்லிற்று. நெஞ்சில் சூடு இறங்கியது. உண்மையைச் சொன்னால், கொழும்பில் நான் குடித்தது இதன் தம்பி முறைகூட ஆகாது.

எனக்கு வாய் நிற்கவில்லை. “அத்தான், நார்த்தங்காத் தோலு மணம், அடியில சாம்பிராணி. மொதல்ல இனிக்கும், நம்பிராதேயும். பெறவு காதுக்குப் பொறத்தாலப் போயிக் கைக்கும் பாத்துக்கிடும்.”

அத்தான் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய்.

“சொல்லும் அத்தான்.”

“கைக்குது மாப்பிளே,” என்றார். “காதுக்குப் பொறத்தால கைக்குது.”

நான் அழுதேன் என்றே சொல்லலாம். ஞானமுத்து ஒன்றும் புரியாமல் ரொட்டித்துண்டு எடுக்க உள்ளே போனார்.

பாதி பாட்டில் மிச்சம் இருந்தது. கல்யாண வீட்டில் அடுப்பு மூட்டுமுன் ஒரு வாய் குடித்தால் நாக்கு விழித்துக்கொள்ளும் என்று அத்தானே சொன்னார். அதைக் கொண்டுபோவது எப்படி? எங்கள் பக்கத்தில் கள்ளுக் கலயத்தை எவனும் இறுக்கி அடைக்கமாட்டான், பொங்கி உடைத்துவிடும். இவ்வளவு நுரைக்கிற சாமானை இறுக்கினால் பஸ்ஸில் வெடிக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. வாழைச்சருகைத் தளரச் சுருட்டி, காற்றுப் போகிற மாதிரி வாயில் செருகினோம். கள்ளு மூன்று நாள் நின்றால் வீரியம் கூடும், இதுவும் கூடும் என்று நான் சொன்னேன். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினோம்.

தாழக்குடியில் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் காய்கறி வந்து குவிந்துகொண்டிருந்தது. பந்தலுக்குப் பின்னால் போய் அத்தான் சருகை எடுத்துவிட்டு ஒரு வாய் குடித்தார்.

“எப்பிடி இருக்கு?”

“அதே மணம் மாப்பிளே. நார்த்தங்காத் தோலு. அடியில சாம்பிராணி.”

எனக்கும் ஆசை வந்தது. வாங்கி முகர்ந்தேன். மழையில் நனைந்த சாக்கு மணம்தான் வந்தது. குடித்தேன். நுரை இல்லை, சீறல் இல்லை, இனிப்பு இல்லை. சோறு வடித்த தண்ணீர் புளித்து, அதில் கொஞ்சம் கசப்பு செத்துக் கிடந்தது. நார்த்தங்காயின் நிழல்கூட இல்லை.

நான் அவரைப் பார்த்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார்.

“அத்தான், இதுல ஒரு மணமும் இல்ல.”

பாட்டிலை வாங்கிச் சருகைத் திரும்பச் செருகினார். பிறகு சொன்னார், “மலையிலயும் இல்ல மாப்பிளே. நாக்குல நொறநொறன்னு குத்திச்சு, அம்புட்டுதான். மத்ததெல்லாம் நீ சொன்னதுல்லா. ஒனக்க மொகத்தப் பாத்துக்கிட்டு இல்லைன்னு எப்பிடிச் சொல்லுகது?”

அவரே எழுந்து போய் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். சுசீந்திரத்திலிருந்து வேறு சமையல்காரரை அழைத்து வந்தார்கள். அத்தான் போகவில்லை. இரண்டு நாளும் அங்கேயே உட்கார்ந்து தேங்காய் துருவிக் கொடுத்தார். பந்தி முடிந்ததும் என்னைக் கேட்டார், “அவியலு எப்பிடி?” நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாய்க்கு விளங்கவில்லை, உம்ம கைப்பக்குவம் இல்லை என்றேன்.

அதன் பிறகு மலைக்குப் போய்ப் பார்த்தேன். பங்களா பூட்டிக் கிடந்தது, ஞானமுத்துவும் துரையோடு போய்விட்டார். அந்தப் பீர் எனக்கு மறுபடி கிடைக்கவில்லை. அத்தானுக்கு நாக்கும் திரும்பவில்லை. இப்போது தடிக்காரன்கோணத்தில் வாழைக்குலைக் கடை வைத்திருக்கிறார். போகிறவர்கள் அங்கே நின்று போகலாம், என் பேரைச் சொன்னால் பழம் நல்லதாகப் பார்த்துத் தருவார்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வைகாசி மழைக்கு முன்னால் போய்விடுங்கள், மழை பிடித்தால் பாதை இல்லை. யாராவது அப்படி ஒரு பாட்டிலைத் திறந்தால் திறந்த இடத்திலேயே குடித்துத் தீருங்கள், சருகு செருகிக் கொண்டுவராதீர்கள். கூட வந்தவருக்கு முதலில் ஊற்றிக் கொடுங்கள். எப்படி இருக்கிறது என்று அவர் சொல்லும் வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.